கேட் இல்லாத ஆபீசுக்குக் கேட் மீட்டிங்

இன்று மத்திகிரி பஸ்ஸில் தொழிற்சங்கச் செயலாளர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேலை வழிகாட்டி மையத்துல செல்வி மேடத்தை வேலையை விட்டு நிறுத்தறாங்களாம். சங்கம் விடாது. நாளைக்கு ஆபீஸ் வாசல்ல கூட்டம், கேட் மீட்டிங். நீங்க பேசணும் சார்."

செல்வி இளைஞர்களுக்கு வேலை ஆலோசனை சொல்பவர். முன்பு அங்கே வேலை பார்த்த என்னை அதே மையம் நீக்கியபோது, உதவி கேட்டுப் போன என்னை இதே மனிதர், "நீங்கல்லாம் தொழிலாளி இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பியவர்.

"நாங்க எப்பங்க தொழிலாளி ஆனோம்?"

"பழசை விடுங்க சார். அங்க மொத்தம் எத்தனை பேரு?"

சங்கத்தில் தேர்தல் வருகிறதோ என்னவோ, தலை எண்ணுகிறார்.

"அது பேக்கரிக்கு மேல மாடி. கேட்டே கிடையாது" என்றேன்.

"அப்ப பேக்கரி முன்னாடி போட்டுக்கலாம்."

செல்விக்குப் போன் செய்து எச்சரித்தேன்.

"இருக்கட்டும் சார். உங்களுக்கு வராதவங்க எனக்காவது வராங்களே."

நாளை போகிறேன். செயலாளரைக் கண்காணிக்கத்தான். வேறு யார் வருகிறீர்கள்?