மீசையில்லாத ராசா

பூங்கொடி ஏரிக்கு மண் சுமக்கப் போனதே ஜெயமணி கூப்பிட்டதால்தான். ஜெயமணி அவள் புருஷன் பூபதிக்கு அக்கா. தாய் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். பூபதி ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் லேபர். மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோவான். இரண்டாயிரத்தெட்டில் கல்லாவிப் பக்கத்து அந்தச் சின்ன ஊருக்கு நூறு நாள் வேலை வந்தபோது, நாத்தனாரும் அவளும் ஒரே கூடையில்தான் மண் எடுத்தார்கள்.

ஒருநாள் கூடையில் விழுந்த கட்டி உடைந்து, உள்ளேயிருந்த கலயமும் உடைந்தது. காசுகள் சிதறின. எட்டணா அளவுதான், ஆனால் நல்ல கனம். பூங்கொடி ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்தாள். மஞ்சளாக ஒரு ஆம்பிளை முகம் வந்தது. அவள் பார்த்த ராஜாக்களெல்லாம் கூத்தில் வருகிறவர்கள். கிரீடமும் கொடுவாள் மீசையுமாக இருப்பார்கள். இவனுக்கு இரண்டுமே இல்லை. தடித்த கழுத்து, சுருட்டை முடி, தலையைச் சுற்றி இலை மாலை, கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி உதடு. அந்த உதட்டைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குள் கூட்டம் விழுந்தது. ஆளுக்கு ஆள் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள். ஜெயமணி இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதைப் பூங்கொடி கண்ணால் பார்த்தாள். மிச்சத்தை மடியில் அள்ளி, வேலையை மேற்பார்வை பார்க்கும் ஆளிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

அன்று பொழுது சாயும்போது ஜெயமணி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “எம் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்குது. வாயத் தொறந்துடாத சாமி.”

“நான் எதுக்கு அண்ணி சொல்றன்?” என்றாள் பூங்கொடி.

மறுநாள் ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். ஊரே எதையும் பார்க்கவில்லை என்றது. ஒப்படைத்த காசுகள் அதற்குள் தாலுகா ஆபீசில் சீல் வைத்துப் பூட்டிக் கிடந்தன. காசில் என்ன இருந்தது என்று கேட்டபோது பூங்கொடி மட்டும் கழுத்து, முடி, இலை, உதடு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். வந்தவர்களில் பழங்காசு தெரிந்த ஒருவர் முகம் மலர்ந்துபோனார். “அது ரோமாபுரிச் சக்கரவர்த்திம்மா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்த காசு. எவ்வளவு நல்லாப் பாத்திருக்க நீ!”

அவர் பாராட்டித்தான் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்ற ஊருக்கோ வேறு மாதிரிப் பட்டது. நொடி நேரம் பார்த்த முகம் இப்படியா மனசில் நிற்கும்? போலீஸ் வந்து அவள் வீட்டைச் சோதித்து, ஒன்றும் இல்லையென்று போய்விட்டது. ஊர் மட்டும் விடவில்லை. “வீட்டுல வெச்சு தெனமும் பாக்கறா, அதான் அச்சு மாறாம சொல்றா” என்று குழாயடியில் முதலில் சொன்னது ஜெயமணிதான் என்று பூங்கொடிக்குப் பின்னால்தான் தெரிந்தது.

புருஷன் வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னாள். பூபதி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“எனக்குச் சோறு ஊட்டுன அக்காடி அது. உம் பேரு வெளிய வரக்கூடாதுன்னு அத மாட்டிவுடறியா?”

அதற்குப் பிறகு அவள் ஜெயமணி பேரை எடுக்கவே இல்லை.

ஓசூருக்குப் போனால் இந்தப் பேச்சு விட்டுப்போகும் என்று நம்பி அவனோடு கிளம்பினாள். லைன் வீட்டில் ஒரே ஓர் அறை. அவள் ரோஜாத் தோட்டத்தில் பூ கட்டும் வேலைக்குப் போனாள். சில மாதத்தில் ஆர்டர் இல்லையென்று கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். பூபதி வீட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவனுக்கு ராசா நினைப்புதான்.

“இன்னும் எதுக்குடி ஒளிச்சு வெச்சிருக்க? எடு அந்த மீசையில்லாத ராசாவ.”

அரிசிப் பானையைக் கவிழ்த்தான். தலையணையைக் கிழித்தான். அவள் வேலைக்குப் போன நேரத்தில் ட்ரங்குப் பெட்டியின் அடித்தகட்டைப் பெயர்த்து வைத்திருந்தான். அடித்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் அடிக்கவில்லை. ஒருநாள் காய்ச்சலில் கிடந்தவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “என்கிட்டகூடச் சொல்லமாட்டியா பூங்கொடி?” என்று அழுதான். எடுக்காமல் விட்டோமே, ஒன்றே ஒன்று இருந்தாலும் இப்போது கையில் கொடுத்துத் தொலைக்கலாமே என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

“ஒன்னு எடுத்தன்” என்றாள். எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. “முந்தானையில முடிஞ்சிருந்தன். ஓசூர் வரும்போது பஸ்ஸுல முடிச்சு அவுந்து எங்கயோ வுழுந்துடுச்சுங்க.”

பூபதி தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் நம்பிவிட்டான். உண்மையைச் சொன்ன காலமெல்லாம் நம்பாதவன், இதைக் கேட்டதும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டான். தேடுவதும் நின்றது. அதற்குப் பதிலாக, குழம்பில் உப்புக் குறைந்தாலும் “தங்கத்தத் தொலைச்சவதான நீ” என்று ஆரம்பித்துவிடுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். பிறகு ரிசீவரை இவளிடம் நீட்டினான். “அக்கா உன்கிட்டப் பேசணுமாம்.”

“ஏம்மா,” என்றது ஜெயமணியின் குரல், சாதாரணமாக, “பத்தரமா வெச்சிருக்கக் கூடாதா?”

பூபதி பக்கத்திலேயே நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமாங்க அண்ணி,” என்றாள் பூங்கொடி.