பாக்கெட்ல அடங்குற ரிவால்வர்

துப்பாக்கிக் கடைக்கு தைரியசாலி ஒருத்தன்கூட வாங்க வரமாட்டான். காலேஜை பாதியில விட்டுட்டு கொல்கத்தாவுல இப்படி ஒரு கவுன்டருக்குப் பின்னாடி நிக்கிறேன். கவுன்டருக்குப் பின்னாடி நின்னு நொந்தவங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

சின்னதா ஒண்ணு

லேக் கார்டன்ஸ்ல தனி வீடு வெச்சிருக்கிற மாமா ஒருத்தர், ரிட்டயர்டு. அந்த வீட்டை இடிச்சு ஃபிளாட் கட்ட ஒரு புரமோட்டருக்கு ஆசை. அவன் பசங்க தினமும் சாயந்தரம் கேட்டுல நின்னு, "மேஷோமஷாய், எப்ப காலி பண்றீங்க?"ன்னு பெங்காலில சித்தப்பா முறை வெச்சு மரியாதையா கேப்பானுங்க. மாமா லைசென்ஸுக்கு அலைஞ்சு அலைஞ்சு, அது கைக்கு வர்றதுக்குள்ள பாதி ஆளாயிட்டார்.

பிஸ்டலையும் ரிவால்வரையும் எடுத்து வெச்சேன். பிஸ்டல் தட்டையா இருக்கும், இடுப்புல தெரியாது. ஆனா குண்டு சிக்கினா மேல்பாகத்தை இழுத்துவிடணும், மாமாவுக்கு கை நடுங்குது. ரிவால்வர் கொஞ்சம் பருமன். ஒரு குண்டு வெடிக்கலேன்னா மறுபடி அமுக்கினா அடுத்தது வந்து நிக்கும். மாமா ரெண்டையும் பாத்துட்டு ரிவால்வரைத் தொட்டார். "இதையே குடுடா. மக்கர் பண்றதுக்கு ஆத்துல ஃபிரிட்ஜ் இருக்கு."

எங்க ஒளிக்கிறது

காலி ரிவால்வரை வெச்சு ஒத்திகை பாத்தோம். பேன்ட் பாக்கெட்ல போட்டா பேன்ட் இறங்குது. கணுக்கால்ல கட்டினா மாமாவால குனிய முடியல. கடைசியில இடுப்புல உறை, மேல தொளதொளன்னு சட்டை. கரியாஹாட் கடைத்தெருவுல ரெண்டு சைஸ் பெருசா நாலு சட்டை வாங்கினார்.

ஒரு வாரம் கழிச்சு வந்து உக்காந்தார். "பாக்கறவா எல்லாம் சுகரா, இப்படி இளைச்சுட்டேளேன்னு கேக்கறா. துப்பாக்கி நன்னா மறைஞ்சுடுத்து. கூடவே நானும் மறைஞ்சுண்டு வரேன்."

எலெக்ஷன்

எலெக்ஷன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் போலீஸ் ஸ்டேஷன்லயோ எங்களை மாதிரி கடையிலயோ ஒப்படைக்கணும். முதல் ஆளா வந்து நின்னது மாமா. சர்க்கார் உத்தியோகம் பாத்த உடம்பு, சொன்னா கேக்கும். விலக்கு கேட்டு மனு போட்டிருக்கார். இதுவரைக்கும் அசம்பாவிதம் எதுவும் நடக்கலையேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

நான் ரசீது எழுதிட்டிருந்தப்ப வாசல்ல ஊர்வலம் போச்சு. ஜீப்ல மாலையோட நம்ம புரமோட்டர். மாமாவைப் பாத்து கும்பிட்டான். பழக்க தோஷம், மாமாவும் கும்பிட்டார். பக்கத்துல நின்ன பசங்க இடுப்புலயும் தொளதொள சட்டைதான். மாமா ரசீதை மடிச்சு வெச்சார். "அவாளுக்கு லைசென்ஸ் இல்லையோன்னோ, அதனால ஒப்படைக்கற சிரமமும் இல்லை."

திருப்பி வாங்க வந்த நாள்

ஓட்டு எண்ணி முடிஞ்சு மாமா வந்தார். அளவான பழைய சட்டை. நான் அலமாரியைத் திறக்கப் போனேன், வேண்டாம்னுட்டார். ரிவால்வர் எங்ககிட்ட இருந்தப்ப அந்தப் பசங்க கேட்டோட நிக்கலையாம். ஹால்ல வந்து உக்காந்து டீ கேட்டிருக்கானுங்க. மாமி போட்டுக் குடுத்திருக்காங்க. மூணாவது நாள் மாமா வீட்டுப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டார்.

ரிவால்வரை வித்துக் குடுக்கச் சொன்னார். வாங்க வர்றவங்க கேப்பாங்களேன்னு, ஏதாவது கோளாறு உண்டான்னு கேட்டேன்.

"ஒண்ணும் கிடையாது. ஒரு நாள்கூட மக்கர் பண்ணலைன்னு சொல்லு."

இப்பல்லாம் சின்னதா, மறைவா, நம்பகமா ஒண்ணு வேணும்னு யாராவது வந்தா, அடுத்த எலெக்ஷன் எப்பன்னு பாத்துட்டுத்தான் அலமாரிச் சாவியையே எடுக்கிறேன்.