குளூட்டமேட்டும் மஞ்சள் தண்ணீரும்

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டிய அவசியமும் இல்லை.

நாற்பது வயதுக்கு மேல் என் அண்ணனுக்கு வலிப்பு வந்தது. கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். முதலாளி தோட்டத்தை விற்றதும் டவுன் பக்கம் புந்தோங்குக்கு வந்தோம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கச்சி என்னோடுதான் இருக்கிறார். சிலிபினில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் வலிப்புக்குப் பிறகு வண்டியிலிருந்து இறக்கி, வாசலில் ஜாகாவாக, காவலுக்கு, உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டரம்மா. எனக்குப் புரியும்வரை விடவில்லை, தாளில் படம் போட்டுக் காட்டினார். மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றை எழுப்ப, குளூட்டமேட் என்ற பொருளைக் கொஞ்சம் கக்குகிறது. எழுப்பி முடித்ததும் அது அங்கே தங்கக்கூடாது. பக்கத்தில் நட்சத்திர வடிவத்தில் துணையணுக்கள் இருக்கின்றன. அவற்றின் சுவரில் உள்ள புரதங்கள், சோடியம் உள்ளே பாயும் வேகத்தோடு குளூட்டமேட்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். உள்ளே அது வேறு பொருளாக மாறி நரம்பணுவுக்கே திரும்பும். அங்கே மறுபடி குளூட்டமேட் ஆகும். இதற்கெல்லாம் சக்தி வேண்டும்.

"அள்ளுறது லேட்டானா?" என்று கேட்டேன்.

"தேங்கிப் போயிரும். எழுந்த அணு படுக்காது, பக்கத்துல உள்ளதையும் எழுப்பி விட்டுரும். வலிப்பு அஞ்சு நிமிசத்தத் தாண்டினா ஆபத்து. நீண்டுகிட்டே போனா அள்ளுற வேலைக்குச் சக்தி பத்தாது. அப்புறம் அணுக்கள் செத்துப் போயிரும். மருந்த ஒரு நாள்கூட விடாதீங்க."

அண்ணன் தலையைத் தலையை ஆட்டினார். ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டும் இருந்தார், தைப்பூச விரதம் தொடங்கும்வரை.

நாற்பத்தெட்டு நாள் சுத்த சைவம். அந்த மருந்தோ கேப்சூல். அதன் கூடு மாட்டு ஜெலட்டினில் செய்தது. விரதக்காரன் வாயில் மாடு படலாமா? பேசாமல் நிறுத்திவிட்டார். என்னிடம் மூச்சு விடவில்லை.

தைப்பூசத்தன்று நல்ல வெயில். பட்டினியோடு பால்காவடி எடுத்து நடந்தவர், தார் ரோட்டில் விழுந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்தது, கை வெட்டி வெட்டி உதறியது. பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. சுற்றி நின்றவர்களுக்கு வேறொன்று தெரிந்தது.

"சாமி வந்திருச்சு, வழி விடுங்க லா."

உறுமிக்காரர்கள் வட்டம் கட்டிக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார்கள். ஓர் அம்மாள் குடத்து மஞ்சள் தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றினாள். மூச்சுக்குத் தவிக்கிறவன் மூக்கில் தண்ணீர். நான் பாய்ந்தேன். வாட்டசாட்டமான ஓர் ஆள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, தொடாத. முருகன் எறங்கியிருக்காரு."

"சாமி இல்லண்ணே, வலிப்பு. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. குத்தமாயிரும்."

மஞ்சள் தண்ணீர் ஊற்றிய அம்மாள் மண்டியிட்டு, "சாமி, என் மகளுக்கு எப்ப கல்யாணம் ஆகும்?" என்று கேட்டாள். என் அண்ணன் மண்டைக்குள் அள்ள ஆளில்லாமல் விஷம் தேங்குகிறது, இவளுக்கு மாப்பிள்ளை வேண்டுமாம். என் கைக்கடிகாரத்தில் ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது. பிடித்திருந்தவரின் கையைக் கடித்தேன், ரத்தம் வர. அதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. கூட்டத்தைப் பிளந்து அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நானே போனில் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் ஒருத்தரை அண்டவிடவில்லை.

மூன்றாம் நாள் கண் திறந்தார். இடது கை சரியாகப் பிடிக்கவில்லை, சில வார்த்தைகள் வர நேரமாயிற்று. மருந்தை நிறுத்தியதை அப்போதுதான் சொன்னார். டாக்டரம்மா என்னிடம் கேட்டார்:

"மாடு வேணாம்னா சொல்லியிருக்கலாம்லா? கூடு இல்லாத மாத்திரை இருக்கே, மாத்திக் குடுத்திருப்பேனே."

ஒரு வார்த்தை. அதைக் கேட்க அண்ணனுக்குக் கூச்சம், டாக்டர் முன்னால் வாய் திறக்காத தோட்டத்துக் கூச்சம். உறுமிக்காரர்களைத் திட்டினேன், குடம் வைத்திருந்தவளைத் திட்டினேன், கூச்சத்தைத் திட்டினேன். கடைசியில் கோபம் என்னிடமே வந்து நின்றது. விரதத்துக்கு முந்தின வாரம், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த என்னிடம் அவர் கேட்டிருந்தார், "இந்த கேப்சூலு மாட்டுல செய்றதாமே?" என்று. "ஆமாண்ணே, அதுக்கு இப்ப என்ன?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். யாரைக் கடிப்பது?

அன்று சாயங்காலமே, சாமி வந்தவரைப் பார்க்க வார்டுக்கு ஆட்கள் வந்தார்கள். வாழைப்பழமும் திருநீறுமாக வந்து, கட்டிலில் கிடந்தவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அண்ணன் முப்பது வருஷமாகக் காவடி எடுக்கிறார், ஒருமுறைகூட அருள் வந்ததில்லை. ஆடுகிறவர்களை ஓரமாக நின்று ஏக்கத்தோடு பார்ப்பார். இப்போது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அவர்கள் போனதும் கேட்டார். "தங்கச்சி, நீதானே பக்கத்துல இருந்த. எனக்கு நெசமாவே சாமி வந்துச்சா?"

ஆமாம் என்றால் இனி மருந்தைத் தொடமாட்டார். அடுத்த வருஷம் அதே ரோட்டில் செத்துப்போவார்.

"இல்லண்ணே. வலிப்பு."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் புது மாத்திரையோடு வந்தபோதும் திரும்பவில்லை. வலது கையை மட்டும் பின்னால் நீட்டினார்.