பக்கத்து வீட்டிலிருந்து வந்த கீரை

ஆண்டர்சன்பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீட்டு அக்கா, போன மழைக்காலத்திலிருந்து வாரம் ஒரு கட்டுக் கீரை கொடுக்க ஆரம்பித்தார். தண்டுக்கீரை மாதிரிதான். ஆனால் காம்பு இலையைவிட நீளம். பூக்கதிரைத் தொட்டால் குத்தியது. இந்த ஊரிலேயே பிறந்த நான் அப்படி ஒரு செடியைப் பார்த்ததில்லை. எங்கே பறித்தது என்று கேட்டேன். "அங்கதான்" என்று கையை வீசினார். அந்தப் பக்கம் சயனைடு மேடு இருந்தது: தங்கம் பிரித்தெடுத்த பிறகு சுரங்கக்காரர்கள் கொட்டிப்போன மண். அதன் அடிவாரத்தில் பறித்திருப்பார் என்றே முடிவு செய்தேன். வாங்கி, குப்பையில் போட்டுவிட்டு, ருசியாக இருந்தது என்று பொய் சொல்லிவந்தேன்.

பெங்களூர் ரயிலில் என்னோடு தினமும் வரும் தாவரவியல் ஆசிரியையிடம் ஒரு தண்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதன் சொந்த மண் மெக்சிகோ பக்கத்து வறண்ட நிலம் என்றார். தானியத்தோடும் தீவனத்தோடும் கலந்து நாடு நாடாகப் பரவுகிறதாம். கோழி தின்ற விதை எருவோடு வந்தும் முளைக்கும், கோழி எரு போட்ட வயல்களில் தேடிப் பாருங்கள் என்றார். இளம் இலையைத் தின்னலாம், ஆனால் எந்த மண்ணில் வளர்ந்தது என்று தெரியாமல் தின்னக்கூடாது என்றார்.

எனக்கு அந்தக் கடைசிப் பேச்சுதான் மனதில் நின்றது. அடுத்த விடுமுறை நாளில் காலையிலேயே அக்காவின் பின்னால் போனேன். அவர் மேட்டுப் பக்கம் திரும்பவில்லை. பூதிகோட்டை பஸ் ஏறினார். நானும் பின்வாசல் வழியாக ஏறிக்கொண்டேன்.

அங்கே ஒரு தக்காளித் தோட்டத்தில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூலிப் பெண்களோடு களை பிடுங்கினார். பிடுங்கிய களை முழுவதும் அதே கீரை. வரப்பில் கோழி எரு மூட்டைகள் கிடந்தன. நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா, எம் பின்னாடியே வந்தியா?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குப்பையில் போட்டதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், அம்மா கூலிக்குப் போகக்கூடாது என்று சொல்லியிருந்தானாம்.

"அவனுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவான். நீ சொல்லிடாத" என்றார், மண் ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டே.

சொல்லவில்லை. இப்போது அந்தச் செடி எங்கள் ஊர் பாலகாட் சாலையோரத்திலும் தலைகாட்டுகிறது. கீரை வருவது நின்றுவிட்டது. வழியில் எதிர்ப்பட்டால் அக்கா ஒதுங்கி நின்று, "போங்க" என்கிறார். இத்தனை வருஷத்தில் என்னை அவர் "ங்க" போட்டுப் பேசியதே இல்லை.