பாட்டு கேட்ட நடுவர்

ராஜபாளையம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுந்தரபாண்டியம் ஊர்ப் பழனியிடமிருந்து போன். "சார், அண்ணாச்சி போயிட்டாவ" என்றான். அடுத்து வந்த வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினேன்.

வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு வைத்திருந்த சங்கரபாண்டியன் அண்ணாச்சியும் நானும் ஊர் ஊராகக் கபடிப் போட்டிகளுக்கு நடுவர்களாகப் போனவர்கள். அவருக்கு விசில் ஒழுங்காக ஊத வராது. ஆனால் பாம்புக் காது. பாடிப் போகிறவன் "கபடி கபடி" என்று மூச்சு விடாமல் பாட வேண்டும். பாட்டு கொஞ்சம் மங்கினாலும் அவுட் என்று கையைத் தூக்கிவிடுவார்.

சுந்தரபாண்டியத்தில் நடந்த இறுதிப் போட்டியில் உள்ளூர்ப் பழனியை அப்படித்தான் வெளியேற்றினார். தேங்காய் லோடு ஏற்றப் போன இடத்தில், பசி தெரியாமலிருக்க உதட்டுக்குள் புகையிலை அடக்கப் பழகியிருந்தான் பழனி. அப்போது பள்ளிக்கூடப் பையன். அன்றும் வாயில் அடக்கிக்கொண்டே பாடப் போனான், பாட்டு குழறியது. ஊர் தோற்றது. கூட்டம் சண்டைக்கு வந்துவிட்டது.

அண்ணாச்சி மைக்கை வாங்கினார். "பய தோத்தா அடுத்த தடவ ஜெயிச்சுக்கிடுவான். வாய் போச்சுன்னா எங்க போயி வாங்குவிய?"

அவரே அவனை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பல் டாக்டர் உதட்டுக்குள் இருந்த வெள்ளைத் திட்டைக் கண்ணாடியில் காட்டி, இப்போதே விட்டுவிடச் சொன்னார். பழனி பயந்துபோய்ப் புகையிலையை விட்டான். பயம் தெளிந்ததும் மறுபடி போட்டான். அதைத் தலைகுனிந்து வந்து சொன்னபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி என்னைக் கையமர்த்தினார்.

"அவுட்டாயிட்டே, அம்புட்டுதானலே. செத்த நேரம் வெளிய உக்காரு. பொறவு உள்ள வரலாம்லா? கபடியில அதான சட்டம்?"

அந்தப் பேச்சு பையன்களிடம் பரவியது. புகையிலையை விட முயன்று தவறியவன் ஒளிந்துகொள்ளாமல், "அண்ணாச்சி, அவுட்டு" என்று போன் போடுவான். "சரி, உள்ள வா" என்பார். வாய் பரபரத்தால் மென்றுகொள்ளத் தன் தோப்பிலிருந்து தேங்காய்ச் சில்லு கொடுப்பார். அறிவுரையால் எவனும் விட்டு நான் பார்த்ததில்லை. இப்படி விட்டவர்களைப் பார்த்தேன். பழனியும் விட்டான், இன்று அணியின் கேப்டன்.

சுடுகாட்டில் அவன் அண்ணாச்சியின் கால்மாட்டில் நின்று, "கபடி கபடி" என்று ஒரே மூச்சில், கணீரென்று, மூச்சு தீரும்வரை பாடினான்.

"பாட்டு கேக்குதா, அண்ணாச்சி?"

கை தூக்க ஆளில்லை. தூக்க வேண்டிய அவசியமும் இல்லை. போய் வாருங்கள், அண்ணாச்சி. விசிலை நான் ஊதிக்கொள்கிறேன்.