மூன்றாவது வீட்டில் குனிய வேண்டும்

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் ரயிலைவிட்டு இறங்கியதும் இலவச மடிப்பு வரைபடம் ஒன்றை வாங்கிக்கொள்வார்கள். ராஜாக்கள் காலத்திலிருந்து தலைநகரமாக இருக்கிற ஊர். வரைபடம் இல்லாமல் கிளம்பினால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து நிற்கலாம். அதை முப்பது வருடம் திருத்திவந்தவர் என் அத்தை. சுற்றுலா அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, கோட்டைப் பக்கம் சிவப்பு, கடைத்தெருப் பக்கம் மஞ்சள், ஆற்றங்கரை நீலம் என்று ஊரையே நிறம் பிரித்து வைத்திருந்தார். பேருந்து நிறுத்தம் பத்தடி தள்ளிப் போனால்கூட அத்தையின் கண்ணுக்குத் தப்பாது.

அப்பேர்ப்பட்டவர் இல்லாத சந்து ஒன்றைப் பதினோரு வருடம் வரைபடத்தில் வைத்திருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்புவேன். அந்தச் சந்தில் குடியிருந்தவள் நான்.

கடைத்தெருவுக்குப் பின்னால் பூட்டுக்காரர் சந்து. பதினான்கு வீடுகள். எதிரெதிரே இரண்டு பேர் குடையோடு வந்தால் ஒருவர் மடக்கியே ஆகவேண்டும். எதிர்வீட்டில் வெங்காயம் நறுக்கினால் எங்களுக்குக் கண் கரிக்கும். கல்லூரியில் படித்த மூன்று வருடமும் அத்தை வீட்டு மாடியறையில்தான் இருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டேன். இன்றைக்கும் தூக்கம் கலைந்தால் கை அந்த அறையின் சுவிட்சைத்தான் தேடுகிறது.

மாமா மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவர். ஊரில் அவர் நுழையாத வீடு கிடையாது. யாரையும் அவர் எடைபோடுவது மீட்டரை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான். அரண்மனையைப் பற்றிக் கேட்டால், “பின்பக்கப் படிக்கட்டுகிட்ட மீட்டர். ஒட்டடைகூட அடிக்க மாட்டாங்க,” என்பார். அவரைப் பொறுத்தவரை அரண்மனையின் கதை அதோடு முடிந்தது.

அவர் ஓய்வுபெற்ற வருடம்தான் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று சந்து முழுவதையும் இடித்தார்கள். சாலையும் வரவில்லை. கார் நிறுத்துகிற இடமாக்கிக் கட்டணச் சீட்டு கிழிக்கிறார்கள். இதற்கா இடித்தீர்கள் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் துடிக்கிறது. அத்தையும் மாமாவும் ஊர்க்கோடியில் நான்காவது மாடிக்குக் குடிபோனார்கள். மாமாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்து, “சாப்டியா”, “லைட்ட அணை” என்ற அளவில் நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. அத்தைக்கு என்னைவிடப் பயம்.

ஒருநாள் இருவரும் சந்து இருந்த பக்கமாகப் போனபோது, பழைய வரைபடத்தோடு முழித்துக்கொண்டிருந்த ஒரு வெளியூர்த் தம்பதி மாமாவிடம் வழி கேட்டார்கள். பூட்டுக்காரர் சந்து எங்கே என்று. மாமா முக்கால் மணி நேரம் பேசினார். அத்தை ஒரு கார் பின்னால் நின்று அழுதாராம். அடுத்த பதிப்பில் சந்தை நீக்க வேண்டும். அத்தை நீக்கவில்லை. அதற்கடுத்த பதிப்பிலும் நீக்கவில்லை. இதை மாமாவிடம் மூச்சுவிடவில்லை, என்னிடம் மட்டும் சொன்னார்.

மாமா தினமும் பத்து மணி பேருந்தைப் பிடித்து வேலைக்குப் போகிறவர்போல் அங்கே போக ஆரம்பித்தார். ஒருமுறை நானும் போனேன். வரைபடமும் கையுமாக இரண்டு பேர் அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

“இது மொத வீடு. வாசல்லயே மீட்டர், தங்கமான மனுஷங்க. இது ரெண்டாவது, நாய் இருக்கும். இது மூணாவது. மாடிப்படிக்கு அடியில மீட்டர். குனிஞ்சு வாங்க, தலை இடிக்கும்.”

சொல்லிவிட்டு மாமா குனிந்தார். எதிரே இருந்தது ஒரு வெள்ளைக் கார். பின்னால் வந்த இருவரும் குனிந்தார்கள். நானும் குனிந்தேன். அந்தப் படியில் நான் உண்மையாகவே தலையை இடித்துக்கொண்டதுண்டு.

போன வருடம் அலுவலகத்துக்குப் புது அதிகாரி வந்தார். கறார் ஆள். வந்த வாரமே ஒரு பயணியின் புகார்க் கடிதம் அவர் மேஜைக்குப் போனது. வரைபடத்தில் சந்து இருக்கிறது, போய்ப் பார்த்தால் கார்கள் நிற்கின்றன என்று. அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார். அத்தை, “விட்டுப்போச்சு சார்,” என்று மழுப்பினார். பதினோரு வருடமாகவா என்று கேட்டுவிட்டு, நேரில் போய்ப் பார்த்துவருவதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

அத்தை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். “என்னை வேலைய விட்டுத் தூக்கினாலும் பரவால்லடி. சந்து போயிட்டா யாரு அங்க வருவா? உங்க மாமா திரும்ப வாய மூடிட்டா நான் என்னடி பண்ணுவேன்?”

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு துணைக்குப் போனேன். அதிகாரி உட்காரவில்லை. அத்தையின் மேஜைக்கே வந்து நின்றார்.

“சந்த எடுத்துடுங்கம்மா. இல்லாதத நாம போட முடியாது.”

“சரிங்க சார்.”

ஒரு கோடு, அதன்மேல் ஒரு பெயர். கணினியில் அழிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி நகரவில்லை.

“அதே இடத்துல விசாரணைக் குறி ஒண்ணு போடுங்க.”

நீல வட்டத்துக்குள் கேள்விக்குறி. ஊர் முழுக்க அது மூன்று இடத்தில்தான் இருந்தது: ரயில் நிலையம், பேருந்து நிலையம், கோட்டை வாசல். அங்கெல்லாம் விவரம் சொல்ல ஆள் இருப்பார்கள்.

அத்தைக்குப் புரியவில்லை. “அங்க நம்ம ஆபீஸ் எதுவும் இல்லையே சார்.”

“ஆள் இருக்காரு. நேத்து பதினாலு வீட்டையும் காட்டினாரு. ஒன்பதாவது வீட்டுல, ஜன்னல் பக்கம் உங்க தையல் மிஷின் இருந்துச்சாமே.”

அத்தை முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரி கதவு வரைக்கும் போய்த் திரும்பினார்.

“மூணாவது வீட்டுல நானும் குனிஞ்சேன்மா.”