மேற்கு ஜன்னலும் பஞ்சுக் குடோனும்

வீடு பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது காற்று. தண்ணீர் வருகிறதா, பக்கத்து வீட்டுக்காரர் எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். நான் திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள். கல்யாணமாகியும் அதே பக்கத்தில்தான் குடியிருந்தேன். மதியத்துக்கு மேல் கடல் காற்று இறங்காவிட்டால் எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். அதனால் உத்தமபாளையத்தில் வீடு தேடியபோதும் புரோக்கரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. காற்று வருமா?

அது தை மாதம். ஊர் குளிர்ந்துபோய், ஒரு இலை அசையாமல் கிடந்தது. புரோக்கர் ஒரு மாடி வீட்டைக் காட்டினார். மேற்குப் பக்கம் சுவர் முழுக்க ஜன்னல், ஜன்னல் முழுக்க மலை. அக்கம்பக்கத்து வீடுகளில் அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லை, வெறும் சுவர்தான். இவ்வளவு அழகான மலையை வைத்துக்கொண்டு சுவரை எழுப்பி மறைத்திருக்கிறார்களே, ரசனை கெட்ட ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

எதிர்வீட்டில் இலவம் பஞ்சு வியாபாரம் செய்கிற ஒரு அக்கா இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மலையடிவாரத்தில் அவர்களுக்கு இலவ மரங்கள் உண்டு. வீட்டை ஒட்டி ஒரு பெரிய குடோன், அதன் முன்னால் தலையணையும் மெத்தையும் தைக்கிற சின்னக் கொட்டகை. நாங்கள் சாமான் இறக்கும்போது வந்து நின்று பார்த்தார்.

"மேக்க ஜன்னலு வச்ச வீட்டையா பிடிச்சீக? காத்து வரும்த்தா. நல்லாவே வரும்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சென்னையை விட்டு வந்ததில் எனக்கு அரை மனசுதான். என் கணவர் வேலை பார்த்த கம்பெனி சென்னைப் பட்டறையை மூடியது. சின்னமனூரில் டிராக்டர் சர்வீஸ் சென்டரில் அவருக்கு நல்ல வேலை கிடைத்தது. அவருக்குச் சொந்த ஊர் சின்னமனூருக்குப் பக்கத்துக் கிராமம். பதினெட்டு வயதில் கிளம்பிப் போனவர் திரும்பி வந்த ஒரே வாரத்தில் 'அங்கன', 'இங்கன' என்று பேச ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருடம் இந்த நாக்கை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

என் வேலை வாசிப்பது. பார்வை இல்லாதவர்களுக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கும் பாடங்களைக் குரலில் பதிவு செய்து கொடுக்கிற ஒரு நிறுவனத்தில், கண்ணாடி அறைக்குள் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். என் முகம் தெரியாத பலருக்கு என் குரல் தெரியும். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. ஆகவே கிளம்பும் முன்பே கணவரிடம் கறாராகச் சொன்னேன்.

"என் வேலையும் கூட வந்தாத்தான் நான் அங்க இருப்பேன். வேலை போச்சுன்னா ஆவணியில மூட்டை கட்டிடணும்."

சரி என்றார். நிறுவனம் ஆடி முடியும்வரை வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தது. தரம் சரியாக இருந்தால் தொடரலாம். இல்லையென்றால் என் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார்.

முதல் நான்கு மாதம் ராஜபோகம். உள்ளறையில் நான்கு கம்பளிகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை வைத்து வாசித்தேன். சென்னை ஆபீஸில் ஒலியைச் சரிபார்க்கிற தம்பி போன் செய்து, "அக்கா, செம்மயா இருக்கு. ஊர்ல ஒரு நாய்கூட குலைக்காதா?" என்று கேட்டான். நானும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் இருக்கிற சிநேகிதிகள் எல்லோருக்கும் போன் போட்டு, எங்கள் ஊர் அமைதியைப் பற்றி அளந்தேன். 'எங்கள் ஊர்' என்று எப்போது சொல்ல ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

வைகாசி கடைசியில் ஒரு நாள் காலையில் மேற்கு ஜன்னல் படீரென்று அடித்துக்கொண்டது. எழுந்து போய்ச் சாத்தினேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அதைத் திறக்க முடியவில்லை.

கடல் காற்றுக்கு ஒரு நேரம் உண்டு. வரும், இருக்கும், போய்விடும். மலைக் கணவாய் வழியாக இறங்குகிற இந்தக் காற்றுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. காலையில் எழுந்தால் அடிக்கிறது, சாப்பிட்டால் அடிக்கிறது, படுத்தால் அடிக்கிறது. கொடியில் போட்ட புடவையை மூன்றாவது வீட்டில் போய் வாங்கி வந்தேன். தட்டில் சோறு வைத்தால் கூடவே மண்ணும் வந்தது. சாத்திய ஜன்னலின் இடுக்குகளில் அது புகுந்து 'ஊ' என்று ஒரே சுருதியில் ஊதியது. அக்கம்பக்கத்தில் ஏன் சுவர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரசனை கெட்டவள் யார் என்பதும் விளங்கியது.

அந்தச் சமயத்தில்தான் பத்துப் பாடங்கள் கொண்ட ஒரு தொகுதி கொடுத்திருந்தார்கள். ஆடி முடிவதற்குள் முடித்தாக வேண்டும். முதல் பாடத்தை அனுப்பினேன், திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது.

"அக்கா, பின்னால யாரோ ஊதிக்கினே இருக்காங்க" என்றான் தம்பி.

நான் செய்யாத வித்தை இல்லை. மைதா மாவுப் பசை காய்ச்சி ஜன்னல் இடுக்குகளில் பேப்பர் ஒட்டினேன். கம்பளிகளை நனைத்துத் தொங்கவிட்டேன். பீரோவைக் காலி செய்து அதற்குள் தலையை விட்டு வாசித்தேன். குளியலறைக்குள் உட்கார்ந்து வாசித்ததில், கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. எதுவும் எடுபடவில்லை. மூன்று வாரம் போய்விட்டது, ஒரு பாடம்கூடத் தேறவில்லை. தம்பியின் குரலில் சங்கடம் தெரிய ஆரம்பித்தது. "மேல கேக்கறாங்கக்கா. இங்க ஒரு பொண்ண வாசிக்கச் சொல்லிப் பாத்துக்கினு இருக்காங்க" என்றான்.

அன்று மாலை கணவரைப் பிடித்துக்கொண்டேன். "இங்கயே பொறந்து வளந்தவர்தானே நீங்க? வீடு பாக்கும்போது இந்தக் காத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மறந்துபோச்சு" என்றார்.

காற்றை மறக்கிற மனுஷர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. உண்மையில் எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். இந்தக் குரலைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை என்று பட்டது. திரும்பிப் போனால் அவர் வேலை போகும், இங்கேயே இருந்தால் என் வேலை போகும். யாராவது ஒருவர் தோற்கத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் எதிர்க் குடோனின் கூரையோரத்தில் ஒரு தகரம் ஆணி கழன்று 'டங் டங்' என்று அடிக்க ஆரம்பித்தது. அரை மணி நேரம் பொறுத்தேன். பிறகு இருந்த கோபத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு படியிறங்கினேன். கொட்டகையில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள், அக்கா குடோனுக்குள் இருப்பதாகச் சொன்னார்கள். கதவைத் தட்டினேன். ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தது.

"சட்டுனு உள்ள வாத்தா, கதவச் சாத்து. காத்து நுழைஞ்சா பஞ்செல்லாம் பறந்துரும்" என்றார் அக்கா.

உள்ளே நுழைந்த வேகத்தில் ஆரம்பித்துவிட்டேன். "என்னக்கா இது, ஊர்ல மனுஷங்க குடியிருக்கறதா வேணாமா, காலையிலேர்ந்து அந்தத் தகரம் அடிக்கிற அடியில..."

அதோடு நிறுத்திவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. எதிரொலி இல்லை. இரைச்சல் இல்லை. சொன்ன சொல் சொன்ன இடத்திலேயே சுத்தமாக நின்றது. பன்னிரண்டு வருடம் கண்ணாடி அறைக்குள் கேட்ட அதே குரல். சுற்றிலும் பார்த்தேன். நான்கு பக்கமும் கூரை தொடும் உயரத்துக்குப் பஞ்சு மூட்டைகள். ஒரு ஜன்னல் கிடையாது, கூரையில் பதித்த ஒரு கண்ணாடித் தகடு வழியாகத்தான் வெளிச்சம். வெளியே தகரம் அடிக்கிறதா என்றே தெரியவில்லை.

"சொல்லுத்தா, திட்டிக்கிட்டே இருந்தே, ஏன் நிறுத்திட்டே?" என்றார் அக்கா.

"அக்கா, நான் இங்க உக்காந்து வாசிக்கலாமா?" என்றேன். தகரத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

என் கதை முழுவதையும் சொன்னேன். காற்று மாதத்தில் பஞ்சடிக்கிற மெஷினை ஓட்ட மாட்டார்கள், தையல் மட்டும்தான் நடக்கும் என்பதால் குடோன் சும்மாதான் கிடந்தது. ஆனால் பஞ்சுக்குத் தீ என்றால் ஆகாது. "ஒயரு, பிளக்கு, விளக்கு ஒண்ணும் உள்ள வரக் கூடாது. சார்ஜ்ல ஓடுறவரைக்கும் படி. தீந்தா வெளிய வந்துரு. இதுக்குச் சரின்னா இங்கன உக்காரு" என்றார்.

மறுநாளிலிருந்து மூட்டைகளுக்கு இடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டேன். மடியில் லேப்டாப், முன்னால் ஒரு மூட்டையின் மேல் மைக். கதவைச் சாத்தியதும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். கதவு திறந்ததில் கிளம்பிய பஞ்சு இழைகள் கீழே இறங்கும்வரை வாயைத் திறந்தால் இருமல்தான். பிறகு துணியை அவிழ்த்து வாசிப்பேன். ஃபேன் கிடையாது. பேட்டரி தீர்கிற இரண்டு மணி நேரத்தில் புடவை முழுக்க நனைந்துவிடும். முட்டி முன்னால் இருக்கிற மூட்டையில் இடித்துக்கொண்டே இருக்கும். வெளியே வரும்போது தலை நிறைய பஞ்சு. தைக்கிற பெண்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

முதல் பாடத்தை அனுப்பிய மறுநாள் தம்பி போன் செய்தான். "எந்த ஸ்டுடியோக்கா அது? நம்ம ரூமைவிட நல்லா இருக்கே." பஞ்சுக் குடோன் என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

ஏழு பாடம் முடிந்திருந்தபோது லாரி வந்தது. மதுரை வியாபாரி மொத்த மூட்டைகளையும் விலை பேசி முடித்திருந்தார். லோடு ஏற்றுகிறவர்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். மூட்டைகள் போய்விட்டால் குடோன் வெறும் தகரக் கொட்டகைதான், ஒரு வார்த்தை பேசினால் பத்துத் தடவை திரும்பி வரும். ஆனால் அது அவர்கள் பிழைப்பு, அதில் நான் என்ன சொல்ல முடியும்? நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"நீ ஏன் எந்திரிச்சே?" என்றார் அக்கா. அந்த ஆட்களிடம் திரும்பி, "முன் வரிசையும் சொவத்தோரமும் எடுத்துக்கிருங்க. நடுவுல கெடக்குறத அடுத்த வாரம் வந்து ஏத்துங்க" என்றார். அவர்கள் முணுமுணுத்தார்கள். வியாபாரி போனில் கத்துவது எனக்கே கேட்டது. அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. "உள்ள ஒரு புள்ள படிச்சிக்கிட்டு இருக்குண்ணே. அது முடிக்கட்டும்" என்று சொல்லி போனை வைத்தார்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த வார்த்தையைக் கேட்டு, பஞ்சு விழுந்துவிட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிச்சம் மூன்று பாடத்தையும் ஆறு நாளில் முடித்தேன். ஏழாம் நாள் லாரி வந்து மற்ற மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது.

ஆவணியில் காற்று தணிந்தது. நிறுவனத்திலிருந்து, தொடர்ந்து அங்கிருந்தே அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலை கணவர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "ஆவணி வந்துருச்சே, மூட்டை கட்டலாமா?" என்று கேட்டார். உங்களை மட்டும் கட்டி அனுப்புகிறேன் என்றேன். மேற்கு ஜன்னலில் ஒட்டியிருந்த பேப்பரை இருவரும் சேர்ந்து சுரண்டி எடுத்தோம். மலை அப்படியே இருந்தது.

வீட்டை மாற்றச் சொல்லி நிறையப் பேர் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. ஒன்பது மாதம் மலையைப் பார்க்கலாம், மூன்று மாதம் சாத்தி வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அந்த மூன்று மாதம் எங்கே போய் வாசிப்பது என்ற கவலை உள்ளுக்குள் இருந்தது. ஒரு தடவை ஏதோ ஆபத்துக்கு உதவினார்கள். வருடா வருடம் ஒருவரின் குடோனில் போய் உட்கார முடியுமா? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் கேட்கவில்லை.

சித்திரையில் புதுப் பஞ்சு வந்து இறங்கியது. இரண்டு நாளாக மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் நான் காய்கறிப் பையோடு வரும்போது அக்கா கை காட்டினார்.

"ஏத்தா, இங்கன வந்து பாத்துட்டுப் போ."

குடோனுக்குள் கூட்டிப் போனார். அடுக்குகிற ஆட்கள் ஏதோ புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இப்படி இடத்தை விட்டால் இருபது மூட்டை வெளியே நிற்கும் என்றார்கள். நிக்கட்டும் என்றார் அக்கா. நான்கு பக்கமும் மூட்டைகள் கூரைவரை ஏறியிருக்க, நடுவில் ஒரு ஆள் உட்கார்கிற அளவுக்குச் சதுரமாக இடம் விட்டிருந்தது. அதில் போன வருடத்து பிளாஸ்டிக் நாற்காலி துடைத்து வைத்திருந்தது.

"முட்டி இடிக்குதுன்னு சொன்னேல்ல. அதான் ஒரு மூட்டை தள்ளி அடுக்கச் சொன்னேன். உக்காந்து பாரு" என்றார்.

உட்கார்ந்தேன். முட்டி இடிக்கவில்லை.

"அன்னிக்கி மாதிரித் திட்டிப் பாரேன். சத்தம் சரியா இருக்கான்னு தெரிஞ்சிரும்" என்று சொல்லி, ஆட்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

வாயைத் திறந்தேன். திட்ட ஒன்றும் அகப்படவில்லை. காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சு இழைகள் இறங்குவதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு லேசாகத் திறந்தது. "எப்படித்தா இருக்கு?" என்றார் அக்கா.

"சரியா இருக்குக்கா" என்றேன்.